எல்சி காட்டிய கை

என் மகள் எல்சிக்கு அப்போது எட்டு வயது. பேச்சு இல்லை. காது நன்றாகக் கேட்கும். எங்களுக்குக் கேட்காததெல்லாம்கூட அவளுக்குக் கேட்கும். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். குதிகால் தரையில் படாமல் நடப்பாள். ஈரத் துணி மேலே பட்டுவிட்டால் தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி அலறுவாள். ஒரு டாக்டர் அவளை இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு ‘மந்தபுத்தி’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அடுத்து என்ன செய்வது என்று கேட்டேன். “இன்னொரு குழந்தை பெத்துக்குங்க” என்றார். அன்றைக்கு என் மனைவி ஃப்ளோரா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததால் அவர் பிழைத்தார்.

எனக்குக் கோபம் ஜாஸ்தி. ராயபுரத்தில் எங்கள் தெருவில் சவரிநாதன் என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வார்கள், பிறகுதான் வீட்டைக் காட்டுவார்கள். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கோபப்பட வேண்டிய இடத்தில் பல்லை இளிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

துறைமுகத்தில் நான் சிக்னல் காட்டுகிறவன். கப்பலின் அடியில் ஆட்கள் மூட்டை அடுக்குவார்கள். மேலே மூட்டையைத் தூக்கி இறக்கும் வின்ச்சை ஓட்டுகிறவனுக்குக் கீழே யார் நிற்கிறார்கள், மூட்டை எங்கே தொங்குகிறது என்று எதுவும் தெரியாது. நான் நடுவில், விளிம்பில் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பேன். விரலைக் கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு. மேலே நீட்டிச் சுற்றினால் ஏற்று. உள்ளங்கைக்கு மேலே இன்னொரு கையை மெல்ல ஆட்டினால் பையப் பைய. இரண்டு கையையும் தோளுக்கு நேராக அகல விரித்தால் நிறுத்து. வின்ச் போடுகிற சத்தத்தில் வாய்க்கு அங்கே வேலையே கிடையாது.

ஒரு நாள் மாடியில் குடியிருந்த செல்லம்மா வீடு காலி செய்தாள். குறுகலான படியில் நாலு பேர் கட்டிலை இறக்கினார்கள். ஆளாளுக்குக் கத்தி, கட்டில் சுவரில் இடித்துக்கொண்டு நின்றது. நான் கீழே நின்று கை காட்டினேன். இறக்கு, நிறுத்து, பையப் பைய, இறக்கு. ஐந்து நிமிஷத்தில் கட்டில் தெருவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தால் எல்சி வாசற்படியில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற எங்கள் முகத்தை எட்டு வருஷத்தில் பார்க்காதவள் என் கையைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் ஃப்ளோரா அவளுக்குத் தலை வாரினாள். எங்கள் வீட்டில் தலை வாருவது என்றால் தினமும் ஒரு போர். ஒருத்தர் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒருத்தர் வார வேண்டும். அன்றைக்கு முதல் சிக்கு மாட்டியதும் எல்சி அலறவில்லை. இரண்டு கையையும் தோளுக்கு நேராக விரித்தாள்.

ஃப்ளோராவுக்குப் புரியவில்லை. இன்னொரு தரம் சீப்பை இழுக்கப் போனாள். நான் எழுந்து கத்தினேன். “நிறுத்து டீ! நிறுத்துன்னு காட்டுறா!”

சீப்பு நின்றது. எல்சி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு கையை இறக்கி, ஒரு விரலைக் கீழே நீட்டிச் சுற்றினாள். இறக்கு. வாரலாம்.

ஃப்ளோரா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சோறு போடுவதும், குளிப்பாட்டுவதும், செருப்பு மாட்டுவதும் கையால்தான் நடந்தன. அவள் நிறுத்து என்று காட்டினால் நிறுத்துவோம். அவ்வளவுதான் சட்டம். அலறல் பாதிக்குப் பாதி குறைந்தது. “நீ கப்பல்ல வேல பாக்குற, நான் வூட்டுல கப்பல் ஓட்டிகினு கீறேன்” என்று ஃப்ளோரா சிரிப்பாள்.

பள்ளிக்கூடம் மட்டும் கிடைக்கவில்லை. முதல் பள்ளியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். இரண்டாவது திருவொற்றியூரில், ரயிலில் கூட்டிக்கொண்டு போய் விட்டோம். அங்கே அவளை வகுப்புக்கு வெளியே, பிள்ளைகளின் பைகளோடு இன்னொரு பையாக உட்கார வைத்தார்கள். பிறகு ஊமைப் பள்ளிக்குப் போகச் சொன்னார்கள். போனோம். அங்கே காதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, காது கேட்கிற பிள்ளைக்கு இங்கே இடம் இல்லை என்றார்கள். காது கேட்டதற்காக ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாங்கள் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஒரு பெஞ்சு, நாலு எழுத்து, பக்கத்தில் உட்கார நாலு பிள்ளைகள். எங்களுக்குப் பிறகு இந்தப் பெண்ணை யார் பார்ப்பார்கள் என்ற பயம் எங்கள் இரண்டு பேர் வயிற்றிலும் எப்போதும் இருந்தது. நாலு பேரோடு உட்காரத் தெரிந்தால் எங்கேயாவது பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தோம்.

மூன்றாவதாக எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றில் ஹெட்மாஸ்டர் லியோனார்டைப் போய்ப் பார்த்தோம். நாலு முறை அலைந்த பிறகு ஒத்துக்கொண்டார். “ஒன்றாம் வகுப்பில் ஒரு வருஷம் பார்க்கிறேன். மற்ற பிள்ளைகளுக்குத் தொந்தரவு இல்லாமல் உட்கார்ந்தால் இரண்டாம் வகுப்பு. இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவேன்” என்றார். கை காட்டுகிற விஷயத்தை அவரிடம் நான் சொல்லப் போனேன். ஃப்ளோரா என் காலை மிதித்தாள். வெளியே வந்ததும், “கைய பத்தி சொன்னா திரும்ப ஊமை இஸ்கூலுக்குப் போன்னுவாங்க. வாய மூடிகினு இரு” என்றாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. சொல்லவில்லை.

ஜூன் மாதம் சேர்த்தோம். எல்சி போனாள், வந்தாள். புகார் எதுவும் வரவில்லை. எனக்குக் காலை ஷிப்டு இல்லாத நாட்களில் நானே கொண்டு போய் விடுவேன். ஆகஸ்டு வாக்கில் ஒரு காலை, கேட்டுக்கு முன்னால் அவளை விட்டதும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கையை விரித்துக்கொண்டு “ஏரோப்ளேன்! ஏரோப்ளேன்!” என்று சுற்றிச் சுற்றி ஓடினார்கள். நடுவில் எல்சி. அவளும் கையை விரித்துக்கொண்டு நின்றாள். என் பெண் விளையாடுகிறாள்! மற்ற பிள்ளைகளோடு! நானும் கையை விரித்து “ரொய்ங்” என்று ஒரு சுற்று சுற்றினேன். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். மணி அடித்தது. எல்சி நகரவில்லை. விளையாட்டு ஜோரில் நிற்கிறாள் என்று அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் விட்டேன். சாயங்காலம் ஃப்ளோராவிடம் சொன்னேன். அவள் அந்தோணியார் கோயிலுக்கு ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு நான் விடப்போன நாளெல்லாம் கேட்டண்டை அந்த ஏரோப்ளேன் விளையாட்டு நடந்தது. நானும் சளைக்காமல் ரொய்ங் விட்டேன்.

அக்டோபரில் ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கப்பலில் சர்க்கரை மூட்டை. நனைந்தால் போச்சு என்று மேல்மூடியைப் போட்டு வேலையை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் எல்சியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று குடையோடு பள்ளிக்குப் போனேன். வராந்தா ஜன்னல் வழியாக வகுப்பு தெரிந்தது.

ஒன்றாம் வகுப்பு எடுக்கிற நீலா டீச்சர் எல்சியின் முன்னால் குனிந்து நின்றாள். ஒரு கையால் எல்சியின் மூக்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். மூச்சுக்காக வாய் திறக்கும் இல்லையா, அப்போது “அ சொல்லு, அ சொல்லு” என்றாள். எல்சி இரண்டு கையையும் விரித்தாள். டீச்சர் மரஸ்கேலால் அந்தக் கைகளின் மேல் அடித்தாள். “கை ஆட்டாதே. கீழே போடு.” எல்சி கையை இறக்கினாள். டீச்சர் மறுபடி மூக்கைப் பிடித்தாள். எல்சி மறுபடி கையை விரித்தாள். மறுபடி அடி. பின் பெஞ்சிலிருந்து “ஏரோப்ளேன்” என்று ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. டீச்சர் எல்சியின் கை இரண்டையும் பிடித்து அவள் தொடைக்கு அடியிலேயே திணித்து, அதன் மேல் உட்கார வைத்தாள். எல்சி அப்படி உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால் அது முதல் நாள் இல்லை என்று தெரிந்தது.

நான் எப்படி உள்ளே போனேன் என்று எனக்கு நினைவில்லை. ஸ்கேல் என் கையில் இருந்தது. முட்டியில் வைத்து இரண்டாக உடைத்தேன். பிள்ளைகள் மூலைக்கு ஓடினார்கள். டீச்சர் போட்ட சத்தத்தில் லியோனார்ட் வந்துவிட்டார்.

“சவரிநாதன், இது பள்ளிக்கூடம். வெளியே வாங்க.”

“இன்னா சார் பள்ளிக்கூடம்? மூக்க புடிச்சிகினு கொயந்தைய சாவடிக்கிறதுதான் உங்க பள்ளிக்கூடமா?”

“பேச வைக்கிற பயிற்சி அது. எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர்தான் சொன்னார். அந்தக் கையை ஆட்டுகிற பழக்கம் போனால்தான் வாய் திறக்கும்.”

“அது பயக்கம் இல்ல சார். நிறுத்துன்னு சொல்றா! வலிக்குது, போதும், நிறுத்துன்னு சொல்றா! எங்க கப்பல்ல ஆயிரம் பேரு வேல செய்றான். அதுல எவன் கைய விரிச்சாலும் வின்ச்சு நிக்கணும். பெருக்கறவன் விரிச்சாலும் நிக்கணும், வேடிக்கை பாக்க வந்தவன் விரிச்சாலும் நிக்கணும். ஏன் விரிச்சேன்னு அப்பாலதான் கேப்பாங்க. நிக்காம ஓட்னா ஆள் செத்துடும் சார். அன்னிக்கே வேலய வுட்டுத் தூக்கிடுவாங்க. உங்களுக்கு ஒரு பச்சப்புள்ள மாசக்கணக்கா கைய விரிச்சிகினு கீது, நீங்க அடிக்கிறீங்க!”

நீலா டீச்சர் அழுதுகொண்டிருந்தாள். சின்னப் பெண்தான், இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. சட்டென்று திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாள். “அது நிறுத்துன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? ஒரு நாள் வந்து சொன்னீங்களா? ஐம்பது பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு நான் எதைன்னு பார்ப்பேன்? தினமும் கேட்டுல வந்து அவளை விட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டுப் போறீங்களே, ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

பதில் இல்லாத இடத்தில் நான் எப்போதும் செய்வதையே செய்தேன். இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

லியோனார்ட் பொறுமையாக நின்றார். அந்தப் பொறுமையைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிந்தது. “அப்படியென்றால் இந்தக் கையை நீங்கள்தான் பழக்கியிருக்கிறீர்கள்” என்றார். “வீட்டிலும் இதை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுங்கள். பிள்ளை நாளைக்கு வரலாம். முடியாதென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்.”

“உங்க டி.சி.ய நீங்களே வெச்சிகினு கும்புடுங்க” என்று சொல்லி எல்சியைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினேன். குடையை அங்கேயே விட்டுவிட்டேன். ஈரம் பட்டால் அலறுகிற பெண், வீடு வரைக்கும் சத்தமே போடவில்லை.

ஃப்ளோரா கோணி தைத்துக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் ஊசி நின்றது. நானும் அவளும் சேர்ந்து அந்தப் பள்ளியைத் திட்டப் போகிறோம் என்று நினைத்தேன்.

“இஸ்கூலு சீட்டு பூட்ச்சா?” என்றாள்.

“இன்னாடி கேக்குற? மூக்க புடிச்சிகினு அடிக்கிறாங்கன்றேன்.”

“கேட்டுகினுதான் கீறேன். சீட்டு பூட்ச்சா? மூணாவது சீட்டு. மொத இஸ்கூல்லயும் நீதான் கத்துன. திருவொத்தியூர்லயும் நீதான் கத்துன. அந்த டீச்சர் பொண்ண ஓரமா கூப்ட்டு, ‘அம்மா, இது கைய விரிச்சா நிறுத்துன்னு அர்த்தம்’னு சொல்லி இருந்தா இன்னா பூடும்? உனக்குக் கத்தி முடிச்சா மனசு ஆறிடும். நாளைக்குக் காலையில இவ எங்க குந்துவா?”

“நீதான் சொல்லாதன்ன.”

“ஆமா, நான்தான் சொன்னேன்! நானும் பாவிதான்!” என்று கையிலிருந்த கோணியைத் தூக்கி என் மேலேயே எறிந்தாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. கப்பலில் சாப்பாட்டு நேரத்தில் அத்தாவுல்லா பாயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அத்தாவுல்லாதான் எங்கள் வின்ச் ஓட்டுபவர். பதினோரு வருஷமாக என் கையைப் பார்த்தே ஓட்டுகிறவர். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். டீச்சரைத் திட்டினேன், லியோனார்டைத் திட்டினேன், மூக்கைப் பிடிக்கச் சொன்ன டாக்டரைத் திட்டினேன், ஏரோப்ளேன் என்று கூவிய பிள்ளைகளின் அப்பன் பாட்டன் வரை இழுத்துத் திட்டினேன்.

பாய் நிமிர்ந்தார். “இன்னா ஏரோப்ளேன்?”

“பசங்க அவளுக்கு வெச்ச பேரு பாய். கைய விரிக்கிறா இல்ல? காலைல கேட்டாண்டயே ஆரமிச்சிடுவானுங்க. இவள நடுவுல வுட்டு...”

என் வாய் அங்கேயே நின்றது.

பாய் மெதுவாகத்தான் கேட்டார். “கேட்டாண்ட உனக்குமா காட்டுச்சு கொயந்த?”

நான் சாப்பாட்டுத் தூக்கை மூடினேன்.

“நீ இன்னா பண்ண சவரி?”

நான் அவர் சட்டையைப் பிடித்தேன். பதினோரு வருஷத் தோஸ்து, அப்பா மாதிரி வயசு, அந்த மனுஷன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஓடிவந்து பிரித்தார்கள். பாய் என்னைத் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் என்ன செய்தேன்? அவள் பள்ளி வாசலில் என்னைப் பார்த்து நிறுத்து என்று காட்டினாள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரியாது, ஃப்ளோராவுக்குத் தெரியாது. கீழே நடப்பது தெரிந்த ஒரே ஆள் அவள்தான், அவள் கை காட்டினாள். அதைப் பார்த்து நான் ரொய்ங் என்றேன். தூக்கிக்கொண்டு போய் உள்ளே இறக்கினேன். இந்த உலகத்தில் அவள் கைக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் அந்த வேலைக்கே சம்பளம் வாங்குகிறவன். டீச்சருக்குத் தெரியாது, அடித்தாள். எனக்குத் தெரியும். சீட்டு வேண்டும் என்ற ஆசை என் கண்ணை மறைத்துவிட்டது. நீலா டீச்சரின் ஸ்கேலை உடைத்தேனே, என்னை எதை வைத்து உடைப்பது?

மேஸ்திரி என்னை விளிம்பில் நிற்க வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். அந்தக் கையோடு நான் சிக்னல் காட்டியிருந்தால் யாராவது செத்திருப்பார்கள். நடந்தே வந்தேன்.

வீட்டில் ஃப்ளோரா எல்சிக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். என் மேல் இருந்த கோபம் அவள் கையில் தெரிந்தது. கிண்ணத்தைப் பார்க்காமல், ஊதிக்கூடப் பார்க்காமல் வேக வேகமாக ஸ்பூனை வாயில் வைத்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கஞ்சியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

எல்சி கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் தொடைக்கு அடியில். ஸ்பூன் வாய்க்குள் போனது. கண்ணில் தண்ணீர் நிறைந்து கன்னத்தில் இறங்கியது. விழுங்கினாள். அடுத்த ஸ்பூனும் போனது. கழுத்து நரம்பு புடைக்க அதையும் விழுங்கினாள். கை வெளியே வரவில்லை.

நான் வாசலிலேயே நின்று இரண்டு கையையும் விரித்தேன். ஃப்ளோரா என்னைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், விரலை விட்டுப் பார்த்தாள். “ஐயோ மாதாவே, கொதிக்குதே” என்றாள். ஸ்பூன் கீழே விழுந்தது.

“எல்சி, காட்டும்மா” என்றேன். “சுட்டா காட்டணும் இல்ல? அப்பாவுக்குக் காட்டு. நிறுத்துறேன். சத்தியமா நிறுத்துறேன்.”

அவள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து அந்தக் கைகளை வெளியே எடுத்தேன். கோரையின் கோடுகள் உள்ளங்கையில் பதிந்திருந்தன. மணிக்கட்டுக்கு மேலே ஸ்கேல் பட்ட இடம் தடித்திருந்தது. நானே அவற்றை அகல விரித்துப் பிடித்தேன். பிறகு மெல்ல விட்டேன். கைகள் கீழே இறங்கித் தாமாகவே தொடைக்கு அடியில் போய்விட்டன.

எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அந்த அறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

எல்சி அடுத்த ஸ்பூனுக்காக வாயைத் திறந்தாள்.